சீசன் டிக்கெட்டுக்கு ஒரு சமன்பாடு

என் வீட்டுக்காரர் தக்கலையில் கணக்கு வாத்தியார். கத்தரிக்காய் வாங்கினாலும் அவருக்கு ஒரு x வேண்டும். இரணியலில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்துக்கு நான் வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில், மாத சீசன் எடுப்பதா, அன்றன்றைக்கு டிக்கெட் எடுப்பதா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பேப்பரும் பேனாவும் வந்தன. ஒரு நாள் போய்வரும் கட்டணம் a. சீசன் விலை b. மாதத்தில் நான் வேலைக்குப் போகும் நாட்கள் x. ax என்பது b-யைத் தாண்டினால் சீசன் லாபம். மாதம் எட்டு நாள் போனாலே தாண்டிவிடும். இதற்கு ஒரு வாத்தியார் எதற்கு என்று நினைத்தேன்.

அதன்பிறகுதான் x-ஐக் கண்டுபிடிக்க இறங்கினார். ஞாயிறுகளைக் கழித்தார், சரி. சித்தப்பா மகள் கல்யாணம், அதற்கு முந்தின நாள் காய் வெட்டு, மறுவீடு, அம்மன் கோயில் கொடை, அக்காள் மகளின் வளைகாப்பு என்று கழித்துக்கொண்டே போனார். படுக்கையில் கிடந்த ஒரு பெரியப்பாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்தையும் முன்கூட்டியே கழித்தார். பெரியப்பா அப்போது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"x ஏழு. அப்போ டெய்லி டிக்கெட்டுதான் லாபம், கேட்டியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசேஷம் எல்லாம் உங்க வீட்டுக்கு, கழிக்கது மட்டும் என் வேலை நாளா? மாசம் ஏழு நாள் போனா எவன் என்னை வேலைக்கு வச்சிருப்பான்?"

மறுநாளே சீசன் எடுத்தேன், அவர் பர்ஸிலிருந்து.

காய் வெட்டு நாள் வந்தது. மாமியார், "அவ லீவு போடட்டும் மக்கா" என்றார். வாத்தியார் துள்ளி எழுந்தார்.

"எம்மா, சீசனுக்குச் சக்கரம் குடுத்தாச்சு. ஒரு நாள் போகலேன்னா அவ்வளவும் நட்டம். காய் வெட்ட நான் போறேன்."

கொடுத்த பணம் கொடுத்ததுதான், நான் போனாலும் போகாவிட்டாலும் திரும்பி வராது. கணக்கு படித்த மனிதருக்கு இது தெரியவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்று கேரளத்தில் அரசு விடுமுறை, என் அலுவலகமும் பூட்டு.

சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. போன் வந்தது.

"ஏட்டி, சாம்பாருக்குத் தடியங்காயைத் தோலோட வெட்டணுமா?"

"தோலைச் சீவிட்டு வெட்டுங்க."

"அங்க என்னமோ இரைச்சலா கேக்கு?"

"ஆபீஸ் ஃபேன்" என்றேன்.