ஏறிக்கோக்கா, வுட்டுடறேன்

நீந்திக் கரையேறி, ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஓடவும் வேண்டும். இதற்கு டிரையத்லான் என்று பெயராம். நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. ஏரியில் குளித்துவிட்டு, சைக்கிளில் உத்திரமேரூர் வந்து, மணி அடிப்பதற்குள் வகுப்புக்கு ஓடி... பத்தாவது வரைக்கும் தினமும் இதைத்தானே செய்தேன்! ஒரு மெடலாவது கொடுத்தார்களா?

உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"தையல் கிளாஸ் போனே, பாதியில வுட்டே. இந்தி பரீட்சை, பாதியில வுட்டே. ஸ்கூட்டரு கத்துக்கினே, அது ஷெட்டுல தூங்கிக்கினு கீது. இதுல பாதியில திரும்பி வர்றதுக்கு பஸ்ஸு கீதான்னு கேட்டுக்கினியா?"

சுருக்கென்றது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மை என்பதால் மறுநாளே அந்த டீச்சரிடம் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை. கடைசி ஆளாகவாவது முடித்துவிட்டு இந்த மனுஷன் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மானாம்பதி ரோட்டில் விடியற்காலை ஓட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நடந்து போகிற ஆளைப் பார்த்தாலே வண்டியை நிறுத்தாமல் போக மனசு வராது. ஓடுகிற பொம்பளையை விடுவார்களா? முதல் நாளே பால் வண்டிக்காரர் மறித்தார்.

"இன்னாக்கா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறிக்கோக்கா, வுட்டுடறேன்."

"இல்லப்பா, சும்மா ஓடறேன்."

"சும்மா யாருனா ஓடுவாங்களா? வூட்ல எதுனா பேஜாரா?"

மறுநாள் டிராக்டர். அதற்கடுத்து செங்கல் லாரி. உடம்புக்காக ஓடுகிறேன் என்றால், "சுகரா?" என்று பத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் மொபெட்டில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்து தன் மருமகள் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஓடி வந்த மூச்சு வாங்கலைவிடப் பதில் சொல்லி வந்த மூச்சு வாங்கல்தான் அதிகம். கடைசியில் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டேன்: "வேணாங்க, இதோ பக்கத்துலதான்." அதற்கு மட்டும் விட்டார்கள்.

நீச்சல் பற்றிக் கவலையே இல்லை. கழனிக் கிணற்றில் கற்றவளாயிற்றே! போட்டியன்று, சென்னைப் பக்கம் ஒரு கல்லூரி நீச்சல் குளத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு வட்டம் போட மட்டுமே தெரியுமென்று. பக்கத்துத் தடத்தில் போய் ஒருவரை முட்டினேன். இடித்தவள் நான், "சாரி மேடம்" என்றவர் அவர். நல்ல ஜென்மம்.

சைக்கிள்களைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, மட்கார்டு இல்லை. நான் ஓட்டிவந்த, என் மகளுக்குப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளில் கூடையே இருந்தது. அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

ஓட்டத்தில்தான் உயிர் போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. தொடை இழுத்துக்கொண்டது. மற்றவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். அத்தனை வண்டிகள் போகிற ரோட்டில் ஒருத்தராவது நிறுத்தி ஏன் என்று கேட்க வேண்டுமே! பால் வண்டிக்காரர் மட்டும் வந்திருந்தால் சத்தியமாக ஏறியிருப்பேன்.

வந்தது ஒரு வேன். முடியாதவர்களை ஏற்றிப்போக விட்டிருக்கும் வேன். ஏறினால் ஆட்டம் குளோஸ். அதன் முன் சீட்டில், யாரைக் கெஞ்சி ஏறினாரோ, பந்தலில் உட்கார வைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர்!

"ஏறுமே, போதும்."

குரலில் கிண்டல் இல்லை. பயந்து போயிருந்தார். கிண்டல் பண்ணியிருந்தாலாவது தெம்பு வந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் பழகிப்போன வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"வேணாங்க, இதோ பக்கத்துலதான்."

அவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். நாலு கம்பம் தாண்டுவதற்குள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"இன்னும் எவ்ளோ தூரங்கீது?"

"முடியலன்னா ஏறிக்கோங்க. நீங்க கேட்ட பஸ்ஸு பின்னாலதான் வந்துக்கினு கீது."

ஏறிக்கொண்டார். நான் ஓடினேன். முடிவுக் கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நுழைந்து கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, வேன் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் என் வீட்டுக்காரர்தான்.