மெர்சி மடித்த கம்மல் பெட்டிகள்

இன்று காலை மெர்சி இறந்துவிட்டாள்.

காலை ஏ ஷிப்டு வேலைக்குக் கிளம்பி, கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்... ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

என்னிடம் கம்மல் வாங்கியவர்கள் பலருக்கு அவளைத் தெரியாது. கம்மல் செய்வது மட்டும்தான் நான். அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெட்டி, ரிப்பன், உள்ளே இருந்த சின்னச் சின்ன சாமான் எல்லாம் மெர்சி.

இரண்டு பேரும் ஒரே செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் அசெம்ப்ளி லைன், அவள் பேக்கிங். பிள்ளை பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டு, பென்னலூர் வீட்டிலேயே களிமண்ணிலும் மணியிலும் கம்மல் செய்து விற்க ஆரம்பித்தேன். அவள் கம்பெனியிலேயே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தாள். நான் கம்மலைப் பேப்பரில் மடித்து கூரியர் கவருக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது... ஜொர மாத்திர மடிச்சிக் குடுக்கற மாரி குடுக்கற?"

"உள்ள இருக்கறதுதானடி முக்கியம்."

"பிரிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவணும்டி. அப்பதான் ஆசையா இருக்கும்."

அடுத்த வாரம் வாலாஜாபாத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையிலிருந்து மீந்துபோன அட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி மாதிரி இழுத்துத் திறக்கும் பெட்டிகளாக மடித்தாள். உள்ளே ஜாக்கெட் பிட்டில் ஒரு மெத்தை. கம்மலுக்குப் பின்னால் மாட்டும் ரப்பர் ஒரு ஜோடி கூடுதலாக. ஒரு புளிப்பு மிட்டாய்.

மிட்டாய் எதற்கு என்று கேட்டேன்.

"கம்மல் புடிக்கலன்னாலும் மிட்டாய் புடிக்கும்ல?"

பெட்டியைப் பிரிப்பதை வாங்கியவர்கள் வீடியோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். முதல் வீடியோவை அவளிடம் காட்டினேன். போனைத் திருப்பித் தரவே இல்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள்.

"நாள் பூரா பெட்டி மூடிக்கினே கீறேன்டி. ஒருத்தி தொறக்கறத இன்னிக்குதான் பாக்கறேன்."

அப்புறம் அந்தத் துணிப் பை... வேலைக்குப் போகும் பெண்கள் கம்பெனி கேட்டில் கம்மலைக் கழற்றிவிட வேண்டும். டிஷ்யூவில் சுற்றி லாக்கரில் போடுவார்கள். ஷிப்ட் முடிந்து பார்த்தால் ஒன்று இருக்காது. மெர்சி இடது கம்மலுக்கு ஒரு அறை, வலது கம்மலுக்கு ஒரு அறை வைத்து உள்ளங்கை அளவில் பை தைத்தாள். ஒவ்வொரு பெட்டியோடும் ஒன்று.

அதன் பிறகு ஹாஸ்டல் பெண்களின் ஆர்டர் குவிந்தது. சிலர் பைக்காகவே கம்மல் வாங்கினார்கள். எனக்கு அதில் லேசாக எரிச்சல் உண்டு. அவளுக்கு அது தெரியும், சிரிப்பாள்.

ஒடிசாவிலிருந்து வந்த சபிதா என்ற பெண் ஒரு முறை ஆர்டர் போட்டாள். கம்பெனி கார்டில் அவள் பெயரை சவிதா என்று அடித்திருந்தார்கள். எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். சபிதாவின் ரூம்மேட்டிடம் அந்தப் பெயரை ஒடியாவில் எழுதி வாங்கி, கோலம் போடுவது மாதிரி பார்த்துப் பார்த்துப் பெட்டி மேல் வரைந்தாள் மெர்சி.

வீடியோ வந்தது. சபிதா பெட்டியைத் திறக்கவே இல்லை. மூடியை கேமராவுக்குக் காட்டி, பெயரைச் சத்தமாகப் படித்தாள். "அக்கா, இது யார் எழுதுச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் வீடியோ.

மறுநாள் கம்பெனியில் சபிதாவைப் பார்த்துவிட்டு வந்து மெர்சி சொன்னாள்: "ஒரு எழுத்து தப்பாம்டி. பரவால்ல, படிச்சிட்டா இல்ல."

சண்டை என்று ஒன்றே ஒன்றுதான். சென்னையில் ஒரு கடைக்காரர் மொத்தமாகக் கம்மல் கேட்டார். அவருடைய கடைப் பெயர் போட்ட பெட்டியில்தான் போக வேண்டும், பெட்டியை அவரே அனுப்பிவிடுவார். பை, மிட்டாய் எதுவும் கூடாது.

"நான் இதுல இல்லடி," என்றாள்.

"பெரிய ஆர்டர் மெர்சி..."

"வேற ஒருத்தன் பேரு போட்ட பெட்டிய மூடறதுக்குத்தான் நான் கம்பெனிக்குப் போறேனே. அதையே இங்கயும் வந்து உக்காந்து செய்யணுமா?"

நான் அந்த ஆர்டரை எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது தேவைப்பட்டது. தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. அவளும் மாறவில்லை. எங்கள் ஆர்டர்களை எப்போதும் போலக் கட்டினாள். கடைக்காரரின் பெட்டிகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன, அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவரே வாங்குவதை நிறுத்திவிட்டார். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தியானம் வல்லத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைப் புடவை. அவள் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி... உங்க கம்மல்ல ஒண்ணு அவளுக்குப் போட்லாமா? ஒண்ணு கூட எடுத்துக்கினதில்ல அவ."

உண்மைதான். எத்தனை முறை கொடுத்தாலும், கேட்டில் கழற்றத்தானே போகிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வண்டியில் வீட்டுக்குப் போய் நீல மணி வைத்த ஜோடி ஒன்றை எடுத்து வந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிட்டேன். இடது காதில் நுழைந்தது. வலது காதில் நுழையவில்லை. இத்தனை வருஷம் எதுவும் போடாமல் ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. நான் மறுபடியும் அழுத்திப் பார்த்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுட்டுடும்மா... வலிக்கப் போவுது."

விட்டுவிட்டேன்.

நாளை காலை அடக்கம், வல்லம் சர்ச்சுக்குப் பின்னால். இந்த வாரம் பார்சல் எதுவும் போகாது.

போய் வாடி, மெர்சி.