திபோர் ஏற்றிவிடும் வண்டி

காவ்லாக் வண்டி ஸ்டாண்டில், தெற்கே போகும் வண்டிகள் நிற்கிற பக்கமாக ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் கருவாட்டுக் கூடைகளைப் பரப்பிக்கொண்டு திபோர் ஃபாய் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் நான் கம்பங்கூழ் விற்கிறேன். அவளைப் பற்றி டிரைவர்கள் ஏதேதோ சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டாம். அவர்கள் வண்டி தாமதமான கோபத்தில் பேசுகிறவர்கள். நான் அவளோடு ஒரே தட்டில் தின்றவள்.

கருவாடு விற்பது அவளுடைய பிழைப்பு. அதற்கு மேல் யாரும் கொடுக்காத ஒரு வேலையையும் தானே எடுத்துக்கொண்டிருந்தாள். தனியாக வழி போகிற பெண்களை வண்டி பார்த்து ஏற்றிவிடுவாள். கையில் பையோடு ஒரு பெண் உள்ளே நுழைந்தால் போதும், வண்டிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் பையை இழுப்பார்கள். மரத்தடியிலிருந்து குரல் வரும்.

"ஏ பொண்ணே, பையை அவன்கிட்ட குடுக்காதே. இங்க வா. எந்த ஊருக்கு?"

பிறகு எழுந்து போய் வண்டிக்குள் தலையை விடுவாள். எங்கள் ஊர் வண்டியில் ஏழு பேர் ஏறலாம். ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். கடைசி வரிசைக்குக் கதவு கிடையாது, அதனால் அங்கே பெண்ணை உட்கார விடமாட்டாள். நடு வரிசையில், கதவோரம். இன்னொரு பெண் இருந்தால் அவள் பக்கத்தில். இல்லாவிட்டால் ஒருத்தி வரும்வரை வண்டி நிற்கட்டும் என்பாள். அதற்கும் மேலே, உள்ளே இருக்கிற ஆண்களிடம் ஒவ்வொருவராகக் குடும்பப் பெயர் கேட்பாள்.

"இது வண்டியாம்மா, உங்க மக கல்யாணமா? மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்று டிரைவர்கள் புலம்புவார்கள்.

"கல்யாணமா இருந்தா உன்னை வாசல்லயே நிறுத்தியிருப்பேன்."

பெயர் கேட்பதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் செரேர்கள். தெற்கே காட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் ஜோலாக்கள். ஆதியில் அக்காளும் தங்கையும் ஒரு தோணியில் போனார்கள். தோணி நடுவே பிளந்தது. ஒரு பாதி ஒருத்தியோடு வடக்கே ஒதுங்கியது, அவள் பிள்ளைகள் நாங்கள். மறு பாதி மற்றவளோடு தெற்கே ஒதுங்கியது, அவள் பிள்ளைகள் அவர்கள். அதனால் எங்களுக்குள் கேலி முறை. செரேர்காரி ஜோலாக்காரனை என் அடிமை என்று ஏசலாம், அவனும் பதிலுக்கு ஏசலாம். அவர்கள் அரிசிச் சோறு தின்னிகள், நாங்கள் கூழ் குடிக்கிறவர்கள், பாதி ஏச்சு அதைப் பற்றித்தான். கோபம் வரக் கூடாது. கேலி முறைக்காரிக்குத் தீங்கு நினைத்தவன் உருப்படவே மாட்டான். இப்படி இங்கே ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஒரு கேலிக் குடும்பம் உண்டு. அத்தனையும் திபோர் மண்டைக்குள் இருந்தது.

பெயர் கேட்கிற வழக்கத்தை அவள் கற்றுக்கொண்ட இடம் தம்பாகுந்தா ரோடு. அப்போது அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். கருவாட்டு மூட்டைகளோடு லாரியில் தனியாகப் போயிருக்கிறாள். பொட்டல் காட்டில் டிரைவர் லாரியை ரோட்டை விட்டு இறக்கினான்.

"எங்க திருப்புறே?"

"இஞ்சினுக்குத் தண்ணி வேணும்."

அந்தப் பக்கம் தண்ணீரே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"உன் குடும்பப் பேரு என்ன?"

"குஜாபி."

"குஜாபியா? அட ஜோலாக்காரச் சோறு தின்னிப் பயலே, அப்ப நீ என் அடிமை. எஜமானியை நடுக்காட்டுல நிறுத்திட்டுத் தண்ணி தேடுவியா? வண்டியை ரோட்டுக்கு ஏத்து. தம்பாகுந்தாவுல எனக்கு அரிசிச் சோறு நீதான் வாங்கித் தரணும்."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தானாம். பிறகு, "கூழு குடிச்ச வயிறு, அரிசி செரிக்குமா?" என்று சொல்லிவிட்டு லாரியைத் திருப்பினான். ஊர் போய்ச் சேரும்வரை பயம் விடவில்லை, ஆனால் வாயை நிறுத்தவில்லை என்று திபோர் எனக்குச் சொன்னாள். அன்றைக்கு அவள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். ஏச்சுக்குப் பதில் ஏச்சு கொடுக்கிற ஆண்பிள்ளையோடு எந்தப் பெண்ணும் போகலாம். வாய் திறக்காதவனோடு போகக் கூடாது.

"எல்லா ஊமையும் திருடன் இல்லடி" என்று நான் சொல்வேன். அவள் கேட்கமாட்டாள். நானும் சொல்வதை விட்டதில்லை.

போன பக்ரீத் கழிந்த வாரம். காய்கறிக்காரி ஒருத்தி தன் மகளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு வந்தாள். நாஃபி என்று பெயர். தெற்கே சிகன்ஷோரில் நர்ஸ் படிப்பு, முதல் தடவையாகத் தனியே போகிறது. காய்கறிக்காரி மகளின் கையைப் பிடித்துத் திபோர் கையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டாள்.

தெற்கே போகிற வண்டியில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. உள்ளே அத்தனை பேரும் ஆண்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை.

"பேரு?"

"சானே" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

திபோருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆஹா, ஜோலாக்காரன். அல்லா எனக்கு அடிமையைக் காலையிலேயே அனுப்பிட்டான். இது என் மக. பத்திரமா கொண்டுபோய் இறக்கு. வழியில இவ சோத்தையும் சேத்துத் தின்னுடாதே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னடா, பானைச் சோறு முழுக்க வாயிலயா இருக்கு? பேச்சு வரலியே."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான். திபோர் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இவன் இறங்கணும்."

"அம்மா, காலங்காத்தாலயேவா?" என்றான் டிரைவர்.

"ஜோலாக்காரன் செரேர்காரி ஏச்சுக்குப் பதில் சொல்லலேன்னா, ஒண்ணு இவன் பேரு பொய், இல்ல நெனப்பு தப்பு. என் பொண்ணை இவன் பக்கத்துல உக்கார வைக்கமாட்டேன்."

நாஃபி மெதுவாகச் சொன்னது: "அவரு ஒண்ணும் பண்ணலியே பெரியம்மா."

"பண்ணுனதுக்கு அப்புறம் இறக்குனா என்ன புண்ணியம்?"

மற்ற ஆண்களும் அவனை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். "இறங்குப்பா, நேரம் போகுது" என்றது ஒரு குரல். அவன் வாதாடவே இல்லை. இறங்கினான். டிரைவர் அவன் காசைத் திருப்பிக் கொடுத்தான். அந்த இடத்தில் ஒரு துணி வியாபாரி அம்மாவை ஏற்றி, நாஃபியை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, வண்டியைத் தட்டி அனுப்பிவிட்டுத் திபோர் வந்து விசிறியை எடுத்துக்கொண்டாள்.

அந்த மனுஷன் என் கூழ்ப்பானைப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தான். ஒரு கிண்ணம் கூழ் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். போன் அடித்தது. ஜோலாப் பேச்சு எனக்குக் கொஞ்சம் புரியும்.

"மாமா, வண்டி போயிடுச்சு. இல்ல, நான் ஏறிட்டேன், இறக்கி விட்டுட்டாங்க. அடுத்தது எப்பக் கிளம்பும்னு தெரியல. அம்மாவை எதுவரைக்கும் வச்சிருப்பீங்க?"

மறுமுனையில் பேசியதும் எனக்குக் கேட்டது. சாயங்காலத்து அஸர் தொழுகை வரை. அதற்கு மேல் வெயிலில் வைத்திருக்க முடியாது. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் எடுத்துவிடுவார்கள்.

கையில் அகப்பையோடு திபோர் முன்னால் போய் நின்றேன். "ஏ திபோர். நீ இறக்கிவிட்டது மவுத்தான தாயை அடக்கப் போற பிள்ளையை."

விசிறி நின்றது. அவள் எழுந்து அவனிடம் வந்தாள்.

"ஏன்டா வாயைத் திறந்து சொல்லல?"

"திறந்தா அழுதுடுவேன்மா" என்றான். "வண்டி முழுக்க ஆம்பளைங்க. நீங்க வேற சோறு சோறுன்னீங்க. எங்கம்மா போன் பண்ணா அதைத்தான் கேப்பாங்க. சோறு தின்னியா ஷெரிஃபோ, சோறு தின்னியான்னு."

திபோர் திரும்பி வண்டி வரிசையைப் பார்த்தாள். அடுத்து டிரைவர் பிராமுடைய பழைய வண்டி காலியாக நின்றது. பக்ரீத் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிவிட்ட நேரம், தெற்கே போக ஆளே இல்லை. ஏழு பேர் சேர மத்தியானம் தாண்டிவிடும். அவள் கருவாட்டின் மேல் சாக்கை இழுத்து மூடினாள்.

"பிராம், வண்டியை எடு."

"ஒரு ஆளுதானே அக்கா இருக்கு."

"ஏழு இருக்கு." மரத்தடியில் விற்கிற எங்கள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "சிகா, உன் அவரைச் சுண்டல் சட்டியை மூடு. கடலைக்காரிங்க ரெண்டு பேரும் ஏறுங்க. ஏ கூழ்க்காரி, நீயும்."

"என் கூழு என்ன ஆகுறது?"

"நாளைக்குப் புதுசாக் காய்ச்சு."

அவள் சொல்லி நான் ஏறவில்லை. அதற்கு முன்பே பானையை மூடிவிட்டேன், அதைச் சிகா பார்த்தாள். ஆனாலும் ஒரு ஆள் குறைந்தது. கருவாடு வாங்க வந்து நின்ற ஒருத்தி, "எங்க போறீங்க?" என்று கேட்டாள். "மவுத்துக்கு" என்றோம். அவளும் ஏறிவிட்டாள். அவள் பெயரே எங்களுக்கு ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, பெந்தா என்று.

நடு வரிசையில் ஷெரிஃபோவை வைத்து இரண்டு பக்கமும் திபோரும் நானும் உட்கார்ந்தோம். வழியில் குறுக்கிடுகிற காம்பியா நாட்டின் எல்லை வரை திபோர் வாய் திறக்கவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எல்லையில் போலீஸ்காரர் அட்டைகளை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஒரு ஆம்பளை, ஆறு பொம்பளை. என்ன கூத்து இது?"

பெந்தாதான் பதில் சொன்னாள். "ஆம்பளைப் பிள்ளை தனியா வழி போனா பத்திரமா ஐயா? காலம் கெட்டுக் கிடக்கு. அதான் தொணைக்கு வர்றோம்."

போலீஸ்காரர் சிரித்து அட்டைகளைக் கொடுத்துவிட்டார். ஷெரிஃபோவின் உதடும் கொஞ்சம் அசைந்தது.

ஆற்றைத் தாண்டி மறுபடி எங்கள் நாட்டுக்குள் நுழைந்து, காட்டு ரோட்டில் போகும்போது முன்னாலிருந்து புகை வந்தது. இந்தத் தடவை உண்மையாகவே இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. சிகாவும் கடலைக்காரிகளும் கேனைத் தூக்கிக்கொண்டு ஊர் தேடி நடந்தார்கள். ஷெரிஃபோ ரோட்டில் நின்று தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நீண்டுகொண்டே போனது.

"பிராம், இது வண்டியா இல்ல உன் மாமியாரா, இப்படிக் கொதிக்குது" என்றாள் திபோர். ஆனால் குரலில் கேலி இல்லை.

தண்ணீர் ஊற்றிக் கிளம்பி, பிஞோனா தாண்டி அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் வேலிக்குள் கூட்டம். அம்மாவைக் கிடத்திய சந்தூக்கை ஆண்கள் தோளில் தூக்கியாகிவிட்டது. ஷெரிஃபோ இறங்கி ஓடினான். முன்னால் நடந்த தாய்மாமன் கைத்தடியை உயர்த்தினார்.

"வந்துட்டியா ஷெரிஃபோ. அழாதே. தூக்குனதை இறக்குற பழக்கம் நமக்கு இல்ல. கபருல மண்ணுத் தள்ளு, வா."

அவன் அப்படியே நின்றுவிட்டான். அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தான். பெரியவர்கள் பேச்சை மீறி அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

திபோர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். நேராகப் போய் வேலியின் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"யாரைக் கேட்டுத் தூக்குனீங்க? நான் திபோர் ஃபாய், செரேர்காரி. மேல படுத்திருக்கிறவ என் அடிமை. எஜமானி உத்தரவு இல்லாம எங்க கொண்டுபோறீங்க? வேலை செய்யச் சோம்பல்பட்டு செத்த மாதிரி நடிக்கிறா. இறக்குங்க, நான் மூஞ்சியைப் பாக்கணும்."

கூட்டம் அப்படியே நின்றது. பின்னால் பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி, கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. தாய்மாமன் தடியைத் தாழ்த்தினார்.

"வந்துட்டாளா கூழு குடிச்சவ? செத்தும் எங்கக்காவுக்கு உங்ககிட்டேருந்து விடுதலை இல்லையா?"

"விடுதலை நான் குடுத்தாத்தான். இறக்குங்கய்யா."

கேலி முறைக்காரி வழி மறித்தால் யாரும் தள்ளிவிட்டுப் போக முடியாது. சந்தூக்கைப் பாயின் மேல் இறக்கினார்கள். திபோர் ஷெரிஃபோவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நீ பாத்துச் சொல்லு, இது என் ஆளுதானா."

அவன் மண்டியிட்டான். முகத்துத் துணியை விலக்கினார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நெற்றியில் கை வைத்தான். பிறகு குனிந்து காதருகே ஏதோ சொன்னான். வாசலை விட்டுத் திபோர் நகரவில்லை. யாராவது பெரியவர் வானத்தைப் பார்த்தால், "வெயிலை ஏன் பாக்குறே, அதையும் தின்னலாம்னா?" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

அவன் தானாகவே துணியை மூடி எழுந்தான்.

"எங்கம்மாதான்" என்றான்.

"அப்பக் கொண்டுபோங்க" என்று திபோர் ஒதுங்கினாள்.

சந்தூக்கின் முன்பக்கத்துக் கொம்பை அவன் தோளில் வாங்கிக்கொண்டான். ஆண்கள் மரங்களுக்கு நடுவே போய் மறைந்தார்கள். திபோர் வேலியோரம் மணலில் உட்கார்ந்தாள். வீட்டுப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தி ஒப்பாரியை எடுத்தாள். பெயர் தெரியாத அந்த அம்மாவுக்காகத் திபோரும் சேர்ந்து அழுதாள்.