இரண்டு பேருக்கும் முந்தியவர்

அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். மாடியில் நான்கு மேசை போட்ட சின்ன நிறுவனம். ஒரு பொருளை இதற்கு முன் யாராவது கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்களா என்று உலகத்துப் பழைய ஆவணங்களைக் கிளறுவதுதான் அங்கே வேலை. "துருவிகிட்ட சொல்லுங்க, தொலைக்காததையும் சேத்து எடுத்துக் கொடுப்பா" என்பார்கள்.

வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "எதுக்காகத் தேடணும்?" பலருக்கு எரிச்சல் வரும். தேடுவதில் என்ன ரகம் என்பார்கள். ரகம் உண்டு. வேலையில் இறங்குமுன் அந்தத் துறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று மேலோட்டமாகப் பார்ப்பது ஒன்று. தன் யோசனை புதிதா என்று பார்ப்பது வேறு. புதிதாகவே இருந்தாலும், அதைச் செய்து விற்றால் இன்னொருவரின் நடப்பிலுள்ள உரிமையில் கால் வைக்கிறோமா என்று பார்ப்பது முற்றிலும் வேறு. இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வரிசையில் சொந்தத் தம்பியே வந்து நிற்பான் என்று நினைக்கவில்லை.

தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் சோர்ந்துபோன அப்பா, நடக்கப் பழகும்போது இரண்டு முறை விழுந்தார். தம்பி அவருக்குச் சக்கரம் வைத்த ஒரு நடைச்சட்டம் செய்தான். தள்ளினால் உருளும், உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டால் ஒரு கொக்கி இறங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பா அதன் பிறகு விழவில்லை. வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அவர் விடுவதில்லை. "உலகத்துல எவனும் செய்யாததை எம்மகன் செஞ்சிருக்கான், பாத்தீங்களா?"

புதிதா என்று தேடிப் பார்த்தது அவள்தான். புதிது என்றாள், தம்பிக்குக் காப்புரிமையும் கிடைத்தது. "விக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தேடல் பண்ணணும்டா" என்று சொல்லத்தான் செய்தாள். "வாளிக்கு ஒருத்தன் உரிமை வெச்சிருந்தா, நீ மூடி போட்ட வாளி செஞ்சாலும் அவனைக் கேக்கணும்."

"நீதானேக்கா புதுசுன்னு சொன்ன? அப்புறம் என்ன வாளி, மூடின்னுக்கிட்டு" என்று சிரித்துவிட்டுக் குழாய் வாங்கப் போய்விட்டான். அவளும் விட்டுவிட்டாள். 

பாரம் விழுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் எந்த நடைச்சட்டமும் தங்களுடையது என்று ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு. பட்டறையில் இப்போது இந்தச் சட்டம் செய்து விற்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. நிறுத்தினால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"ஏதாவது வழி இருக்கா அக்கா?" என்று கேட்டபோது அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு வழி இருந்தது. அந்த நிறுவனத்துக்கும் முன்னால் வேறு யாராவது இதைச் செய்திருந்தால், அவர்கள் உரிமை செல்லாமல் போகும். அப்படி ஒன்றைத் தேடுவது கிணறு வெட்டுகிற வேலை. தண்ணீர் வரும்வரை நிறுத்தக் கூடாது. முன்பு நடைச்சட்டம் என்ற தலைப்பின் கீழ் தேடியவள், இப்போது பெயர்களை நம்பாமல் படங்களை மட்டும் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், குழந்தை வண்டி, சாமான் வண்டி என்று ஒன்றையும் விடவில்லை.

கைவண்டிகளுக்கு நடுவே கிடைத்தது. தெரியாத மொழி, மொழிபெயர்த்துப் படித்தாள். எப்போதோ காலாவதியான உரிமை. இடுப்பெலும்பு முறிந்த தன் தாய்க்காக யாரோ ஒருவர் செய்தது. பாரம் விழுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த படத்தைப் பார்த்ததும் போய்விட்டது. தம்பி செய்த அதே கொக்கி, அதே வளைவு. சுருள்கம்பிகூட அதே இடத்தில்.

இது அந்த நிறுவனத்தைச் சாய்க்கும். கூடவே தம்பியின் காப்புரிமையையும் சாய்க்கும். ஒரு படத்தைக் கொடுத்து மறு படத்தை ஒளிக்க வழியில்லை.

வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் காட்டினாள். அவன் படத்திலிருந்த கொக்கியின் வளைவை விரலால் தடவிப் பார்த்தான்.

"இதைக் கோர்ட்டுல கொடுத்தா பட்டறை தப்பிச்சுடும்டா. நீ தாராளமா செய்யலாம். யார் வேணும்னாலும் செய்யலாம்."

"ஆனா நான் கண்டுபிடிச்சதா ஆகாது."

"நீ இதைப் பாத்தா செஞ்ச? நீயா யோசிச்சதுதானே."

"அதைக் காட்டறதுக்கு ஏதாவது தேடல் இருக்கா அக்கா?"

இல்லை.

"கொடுத்துடு" என்றான்.

உள்ளறையிலிருந்து சக்கரம் உருளும் சத்தம் வந்தது. வாசற்படியில் அப்பா பாரத்தைச் சாய்த்தார், கொக்கி இறங்கிச் சட்டம் அசையாமல் நின்றது.

"என்னடா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க? ஜெயிச்சுடுவோமா?"

தம்பி அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சுடுவோம்ப்பா."

"பின்னே? எம்மகன் கண்டுபிடிச்சதுல எவன் கை வைக்க முடியும்?" என்றபடி அப்பா சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தார்.