கொப்பிக்குள் இருந்த சூனியம்

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, சூனியம் செய்ததாக ஒத்துக்கொண்டேன். செய்யவில்லை, ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இளம் பிள்ளைகளுக்கு மாயக்கதைகள் எழுதுகிறவள் என்று தெரிந்ததும், "இதெல்லாம் எங்க இருந்து உங்களுக்கு வருகுது?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உம்மா எங்கள் ஊரான இறக்காமத்தில் மௌத்தானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருடம் வாப்பா கல்முனைப் பக்கம் இரண்டாவது கலியாணம் முடித்தார். எங்கள் பகுதியில் கலியாணத்துக்குப் பிறகு பெண் வீடு மாறுவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. அவளுக்குப் பிறகு அவள் மகளுடையது. அப்படித்தான் வாப்பா ஒரு பயணப் பையோடும் என்னோடும் அந்த வீட்டுக்குப் போனார். அவருடைய புது மனைவியை நான் சாச்சி என்று கூப்பிட்டேன். சாச்சியின் முதல் கலியாணத்து மகள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவரை ராத்தா என்றேன். சாச்சியின் அக்கா, அதாவது எனக்குப் பெரியம்மா, அதே வளவுக்குள் அடுத்த வீட்டில் இருந்தார். இரண்டு வீட்டுக் குசினிக் கதவுகளும் ஒரே முற்றத்தைப் பார்த்தன. நான் எப்போது வெளியே வந்தாலும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கே யாரும் எனக்குக் கொடுமை செய்யவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சாச்சி "சாப்பிடு புள்ள" என்றால், ஏன் மகள் என்று சொல்லவில்லை என்று யோசிப்பேன். "சாப்பிடு மகள்" என்று சொன்ன நாட்களில், இன்றைக்கு என்ன வேலை காத்திருக்கிறதோ என்று யோசிப்பேன். ராத்தா தன் பழைய சட்டையை எனக்குத் தந்தால், அதில் எங்கே கிழிசல் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் கிழிசல் இருக்காது. அப்போதும் மனம் ஆறாது.

பாடசாலையில் முதல் கிழமையே ஒருத்தி கேட்டாள், "நீங்க என்ன குடி?" குடி என்றால் குலம் மாதிரி, எங்களுக்கு உம்மா வழியாக வருவது. என் உம்மாவின் குடியைச் சொன்னேன். "அப்படியொரு குடி இஞ்ச இல்லியே" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்று சொன்னாள்.

வாப்பா வேளாண்மைக் காலத்தில் கிழமைக்கணக்கில் இறக்காமத்து வயலிலேயே தங்கிவிடுவார். வயலில் யானை இறங்கினால் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சத்தம் போடுகிற மனிதர் அவர். சாச்சியின் வீட்டிலோ, தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போவதற்கு முன் வாசலில் நின்று செருமுவார். அந்தச் செருமலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

பாடசாலை நூலகத்து அலுமாரியில் முதல் பக்கங்கள் கிழிந்த ஒரு மொழிபெயர்ப்புக் கதைப்புத்தகம் கிடந்தது. பெயர்கூடத் தெரியாது. யாருக்கும் வேண்டாத ஒரு பெண்பிள்ளை இன்னோர் உலகத்துக்குப் போகிறாள். போன இடத்தில் பார்த்தால் அவள்தான் காணாமல்போன இளவரசி. மூன்று தரம் வாசித்தேன். பிறகு ராத்தாவின் பழைய போனில் அதே மாதிரிக் கதைகளாகத் தேடித்தேடி வாசித்தேன். எல்லாவற்றிலும் வேண்டாத பிள்ளைதான் கடைசியில் வேண்டிய பிள்ளை ஆகிவிடுகிறது. நான் மூலையில் இருந்து காத்துப் பார்த்தேன். என்னைத் தேடி இன்னோர் உலகத்திலிருந்து இருக்கட்டும், இறக்காமத்திலிருந்துகூட ஒருவரும் வரவில்லை.

அதனால் நானே எழுதத் தொடங்கினேன். ஒரு தடித்த சீஆர் கொப்பி, கடின மட்டை போட்ட நோட்டுப் புத்தகம். எங்கள் பக்கத்து ஒலுவில் ஊரின் கரையைக் கடல் அரிப்பதுபோல என் கதையிலும் ஒரு நாட்டைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் எல்லோருக்கும் பெயரோடு உம்மாவின் பெயரும் சேர்ந்தே வரும், இன்னாருடைய மகள் இன்னார் என்று. என் கதாநாயகி ஒருத்திக்கு மட்டும் வெறும் பெயர். அவளுடைய வாப்பா ஒரு ராசா. வேறொரு நாட்டு ராணியின் வாசலில் காவல் நின்று, நின்று, காலிலிருந்து கல்லாகிக்கொண்டு வருகிறார். அந்த ராணிக்கு ஒரு மகள். மகளுக்குப் புதுப் பெயர் யோசிக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் ராத்தாவின் பெயரையே வைத்தேன். ராணிக்குச் சாச்சியின் பெயர். புத்திகெட்ட வேலைதான்.

ராணி மகளின் அறைக் கதவு ஒரு கணக்குக்குத்தான் திறக்கும். ஒன்பது கட்டம், ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள், எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து. எங்கள் கணித டீச்சர் பொழுதுபோக்குக்காகப் படிப்பித்தது. அதை ஒரு முழுப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் கீறினேன். மேலே, இன்னாருடைய மகள் இன்னார் என்று சாச்சியின் பெயரும் ராத்தாவின் பெயரும். கீழே, 'இந்தக் கதவு திறந்தால் மாப்பிள்ளை வரமாட்டான்' என்று ஒரு வரி. கதையில் அந்த மாப்பிள்ளை கடலுக்குள்ளிருந்து வருகிற ஒரு பூதம்.

அந்த நேரத்தில் ராத்தாவுக்கு உண்மையிலேயே ஒரு மாப்பிள்ளை பேசி முடிகிற கட்டத்தில் இருந்தது. முழு வீட்டையும் ராத்தாவின் பெயரில் எழுதித் தரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். சாச்சி பாதி வீட்டைத் தனக்கு வைத்துக்கொள்ள நினைத்தார். அவரும் தன் புது மாப்பிள்ளையான வாப்பாவோடு எங்கேயாவது இருக்க வேண்டுமே. இது வளவுக்குள் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில், வீடு எழுதித் தருவதில் இருந்த இழுபறி யாருக்கும் ஞாபகம் இல்லை.

"இது சும்மா குழம்பின பேச்சில்ல. ஆரோ சூனியம் செய்திரிக்காங்க" என்றார் பெரியம்மா.

ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கண்ணை மூடி ஓதிவிட்டு, எழுதின ஒரு சாமான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றார். எழுதின சாமான் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? தலையணை உறையிலிருந்து அரிசிப் பீப்பா வரை தேடினார்கள். என் மெத்தைக்கு அடியில் கொப்பி அகப்பட்டது.

சாச்சி சத்தம் போடவில்லை. கொப்பியை மேசையில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். சூனியம் எழுதுகிறவர்கள் ஒன்பது கட்டம் கீறி, ஆளின் பெயரோடு உம்மாவின் பெயரையும் சேர்த்துத்தான் எழுதுவார்களாம். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இது கதை, சாச்சி. முதல்ல இருந்து வாசிச்சுப் பாருங்க" என்றேன்.

"கதையெண்டா என்னத்துக்குகா உம்மாட பேரு?" என்றார் பெரியம்மா.

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் விளங்க நூறு பக்கம் வாசிக்க வேண்டும். ஒருவரும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. பயத்தைவிட அந்தக் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் கொப்பி எழுதுவது அவருக்குத் தெரியும். அவர்தான் காட்டிக்கொடுத்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை, சந்தேகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

போன் பண்ணி வாப்பாவைக் கூப்பிட்டார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, வயல் சேறு காயாத காலோடு வந்தார். சாச்சி தணிந்த குரலில்தான் சொன்னார். "ஒண்டில் இவள இறக்காமத்துல கொண்டு உடுங்க. இல்லாட்டி இதக் கடல்ல போட்டுட்டு வந்து, இனிச் செய்யமாட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும்."

இறக்காமத்துக்கு அனுப்பினாலும் போகத் தயாராக இருந்தேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாப்பாவும் இதை நம்புகிறாரா?

கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கரையேற்றி வைத்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருந்து கொப்பியைத் திறந்தார். எறிவதற்கு முன் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வாசிக்கத் தொடங்கினார், முதல் பக்கத்திலிருந்து. வாப்பா உதடு அசைத்துத்தான் வாசிப்பார். நான் மணலில் நின்று அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே நிற்கிறது, எங்கே சுளிக்கிறது என்று.

சிவப்புக் கட்டம் வந்தது. விரலை வைத்துக் கூட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு வாற கணக்கு. நானும் படிக்கக்குள்ள செய்திரிக்கன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில். அந்தக் கிழமையில் முதன்முதலாக மூச்சு முழுதாக உள்ளே போனது.

அவர் தொடர்ந்து வாசித்தார். ராணியின் வாசலில் ராசா கல்லாகிற இடத்தில் உதடு நின்றுவிட்டது.

"இந்த ராசா மறுகா மனிசனாகுவாரா?"

"இன்னும் எழுதல்ல வாப்பா."

கொப்பியை மூடினார்.

"இது கதையெண்டு உங்களுக்கு விளங்கிட்டுத்தானே" என்றேன்.

"ஓம் மகள்."

"அப்ப ஊட்ட வந்து சொல்லுங்க."

அவர் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். "நான் சொல்லி அவங்க நம்பமாட்டாங்க. நாம இரிக்கிறது அவங்கட ஊடு" என்றார். பிறகு எறிந்தார். முதல் அலை கொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. நனைந்த கொப்பியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இன்னும் தூரத்துக்கு எறிந்தார். அது மறுபடி வருகிறதா என்று நின்று பார்த்தார்.

வீட்டில் எல்லோரும் முற்றத்தில் காத்திருந்தார்கள். "இனிச் செய்யமாட்டன்" என்றேன். பெரியம்மா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சாச்சி என்னை விட்டுவிட்டு வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனார். வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் நிம்மதி இருந்தது.

என்னைச் சூனியக்காரி என்று நம்பிய அந்த இரண்டு பெண்களையும் எப்போதோ மன்னித்துவிட்டேன். வாப்பா என்னை ஒரு நிமிடம்கூடச் சந்தேகிக்கவில்லை. கொஞ்சமாவது சந்தேகித்திருந்தால், அவரையும் மன்னித்திருப்பேன்.