துண்டுக்குள் முடிந்த வீட்டு விலை

என் கையை வைத்து ஒரு தடவை வீடு வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். வெறும் கையைத்தான் ஒரு துண்டுக்குள் விட்டேன். வெளியே எடுத்தபோது எங்களுக்கு ஒரு வீடு வந்திருந்தது. கூடவே ஒரு சண்டையும் வந்திருந்தது.

பிள்ளைகளே, இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது அன்னவாசல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து ஐந்து மைலில் இருந்த பெரிய ஊரில் உயர்நிலைப் பள்ளி ஒன்று புதிதாக வந்தது. சர்க்கார் பள்ளிக்கூடம். நல்ல வாத்தியார்கள் என்று எட்டு ஊருக்குப் பேச்சு. ஆனால் ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பிரிவுதான். பள்ளிக்கு இடம் விட்டுக்கொடுத்ததும், கம்பும் கீற்றும் கொடுத்துக் கொட்டகை போட்டதும் அதைச் சுற்றியிருந்த மூன்று தெருக்காரர்கள். அதனால் அந்தத் தெருக்களில் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். முதல் வருஷம் மிச்சம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

அந்த மூன்று தெருவும் கரட்டுமேட்டில் இருந்தன. கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வரும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்தத் தெருவுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். முன்பெல்லாம் ஒரு சுமாரான உழவு மாட்டின் விலைக்கு அங்கே வீடு கிடைக்கும். பள்ளிக்கூடம் வந்தது, வீட்டின் விலை ஒரு ஜோடி மாடாக ஏறியது. அறுப்பு முடிவதற்குள் ஒரு ஜோடி மாடும் வண்டியும் சேர்ந்த விலைக்குப் போய்விட்டது. அரிமளத்திலிருந்துகூட ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் ஆடுகளை வெளியே கட்டிவிட்டு ஆட்டுக்கொட்டிலை வாடகைக்கு விட்டார். அதற்கும் இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.

இந்த வியாபாரத்தில் நடுவில் நின்றவர் ஒரு மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர், இப்போது வீட்டு உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, "இன்னும் இருவது வருசம் உழும்" என்று சொல்ல ஆரம்பித்தார். தொழில் மாறியது, பழக்கம் மாறவில்லை. மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் விற்கிறவன் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார். பிறகு வாங்குகிறவன் கையையும் அப்படியே பிடிப்பார். ஒரு விரல் பிடித்தால் நூறு ரூபாய், இரண்டு பிடித்தால் இருநூறு. சம்மதமென்றால் பதிலுக்கு அமுக்க வேண்டும். இல்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டு விலையையும் அவர் அப்படித்தான் பேசினார்.

எங்கள் அப்பா ஊரில் கிடையாது. கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். வீட்டில் எல்லா முடிவும் என் தாயார் எடுப்பதுதான். நாங்கள் அவரை ஆத்தா என்று கூப்பிடுவோம். நான் அந்த வருஷம் ஐந்தாவது முடித்திருந்தேன். அக்கா முந்தின வருஷமே முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பெண்பிள்ளையை ஐந்து மைல் தனியாக நடக்க விட மாட்டார்கள். கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொள்வாள், சோறு வடிப்பாள், சமயத்தில் என் கணக்கையும் போட்டுக் கொடுப்பாள்.

ஆத்தா உழவு மாட்டை விற்றார். காட்டைக் குத்தகைக்கு விட்டார். அப்பா அனுப்பியிருந்ததையும் சேர்த்தால் முந்நூறு ரூபாய். அந்த மூன்று தெருவில் ஒன்றில் ஒரு வீடு பார்த்தாயிற்று. ஆனால் ஒரு பெண்பிள்ளை, தரகரின் துண்டுக்குள் கையை விட முடியுமா? ஊர் சிரிக்கும். அதற்காகப் புதுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த மாமாவைக் கூப்பிட்டுவிட்டார். மாமா வந்தார், சாப்பிட்டார், மாட்டேன் என்று சொன்னார்.

"கரட்டுல போயிக் காசக் கொட்டாதக்கா. பயல எங்கூட அனுப்பு. டவுன்ல சேத்துவிடுறேன். எங்க வீட்டுல ஒரு வாயிக்கா பஞ்சம்?"

"ஒனக்கு மனசில்லைன்னா கைய நீட்டாத. நான் வீடு வாங்காம விடமாட்டேன்" என்றார் ஆத்தா.

"யாரு கைய நீட்டுவா? நீயா?"

ஆத்தா என்னைக் கூப்பிட்டு, என் கையைத் தூக்கி மாமாவிடம் காட்டினார். "ஏன், எம்மகன் கை கையில்லையா?"

மாமா சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். எனக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. 'பயலுக்காக வீட்டையே வாங்குறா' என்று ஊரெல்லாம் பேசியது. எனக்காக ஒரு வீடு! நான் நடக்கிற நடையே மாறிப்போனது.

எனக்குப் பயிற்சி கொடுத்தது அக்கா. அவள்தான் தரகர். பழைய துண்டைப் போட்டு மூடிக்கொண்டு என் விரல்களைப் பிடிப்பாள். எனக்குக் கூச்சம் தாங்காது, நெளிவேன், சிரிப்பேன். "சிரிக்காதடா. வாங்குறவன் சிரிச்சா வெலை ஏறிரும். மூணுன்னா அமுக்கு. நாலுன்னா படக்குன்னு உருவு. நம்மகிட்ட மூணுதான் இருக்கு" என்பாள். கன்றுக்குட்டிக்குப் புல் போடும்போதுகூட திடீரென்று என் கையைப் பிடித்து, "எத்தனை?" என்று கேட்பாள். விளையாட்டாக ஒரு நாளும் கேட்டதில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு காலை நேரம், அந்தத் தெருவுக்கு மூன்று பேரும் போனோம். வீட்டுக்காரர் கல் உடைக்கிறவர். பாறைமேல் தானே கட்டின வீடு. நார்த்தாமலைப் பக்கம் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போகிறார். பள்ளிக்கூடத்துக்கு அவர் பங்காகப் படிக்கட்டு முழுவதையும் அவரே செதுக்கி வைத்திருந்தார். வாசலில் கூட்டம் நின்றது. அரிசி மில்காரர் ஒருவரின் ஆளும் வீட்டின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு நின்றான்.

தரகர் என்னைப் பார்த்தார். "மொதலாளி வந்தாச்சா? வேட்டிகூட இல்லாம டவுசரோட வந்திருக்கீகளே! கைய நீட்டுங்க பாப்போம்."

முதலில் கல் உடைக்கிறவர் கையைப் பிடித்துப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார். துண்டு விழுந்தது. உள்ளே அவர் கை வந்து என் கையைப் பிடித்தது. மொந்தன் பழம் மாதிரி விரல்கள். என் கை மொத்தமும் உள்ளே போய்விட்டது. மூன்று விரலைத்தான் பிடிக்கிறார், சுண்டுவிரல் சும்மா நசுங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓங்கி அமுக்கினேன்.

"முடிஞ்சுது!" என்று துண்டை உருவினார் தரகர். ஆத்தா வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தார். கல் உடைக்கிறவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தரகர் விலையை வாய்விட்டுச் சொன்னார்.

"நானூறுல அச்சாரம் போக மிச்சத்த ஆனி பொறக்கிறதுக்குள்ள குடுத்துரணும் தங்கச்சி."

"நானூறா? முந்நூறுல்ல!"

"நாலு வெரலப் புடிச்சேன். ஒம்மகன் அமுக்குனான்."

"மூணுதான் புடிச்சீங்க" என்றேன் நான். குரல் கீச்சென்று வந்தது.

தரகருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாப்பது வருசமாத் துண்டு போடுறேன். எங்கையி பொய் சொன்னதில்ல."

"எம்மகன் கையும் பொய் சொல்லாதுண்ணே" என்றார் ஆத்தா.

கூட்டத்தில் ஒருவர், "மாட்டுக்கு நாலு காலு பாருங்க, அந்த நெனப்புல நாலப் புடிச்சுட்டாரு" என்றார். அப்போது அக்கா முன்னால் வந்தாள். தரகர் தோளில் கிடந்த துண்டைக் காட்டி, "அது இல்லாம இன்னொருக்காப் புடிங்கய்யா. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். அவர் என் கையைப் பிடித்து, "இது மூணு" என்றார். என் கை காணாமல் போனது. "இது நாலு" என்றார். அப்போதும் என் கை காணவில்லை. தெருவே சிரித்தது. தரகரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

கல் உடைக்கிறவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாலுக்குத்தான் நான் கை குடுத்தேன். மூணுக்குக் குடுத்துட்டு அங்கிட்டுப் போயி என்னத்த வச்சுக் கொட்டாய் போடுறது?" என்றார். மில்காரர் ஆள் உடனே, "நாங்க நாலரை தாரோம்" என்றான். பேச்சில் தகராறு வந்தால் அச்சாரம் திரும்பிவிடும், அதுதான் வழக்கம். கல் உடைக்கிறவர் அச்சாரப் பணத்தை மடியிலிருந்து எடுத்தார். எங்கள் வீடு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆத்தா கையை நீட்டவில்லை. அவர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கல் உடைக்கிறவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். பழைய சேலைத் துணியில் தைத்த புத்தகப் பை ஒன்று அவள் மடியில் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஒங்க மக அஞ்சு முடிச்சிருக்காளாண்ணே?"

"முடிச்சா. அதுக்கென்ன? வீட்ட வித்தா அவளுக்கு இங்க எடங் கெடையாது. அங்கிட்டு வந்து சல்லி பொறுக்கட்டும்." இதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துப் படிக்கட்ட வச்சது நீங்கதான?"

"நாந்தான்."

"அப்ப அதுல ஒங்க மக ஏற வேணாமா? அந்த நாலாவது வெரலுக்குப் பதிலா அவள எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. இந்த வீட்டுலயே இருக்கட்டும். எம்மகளுக்கு எது உண்டோ அது அவளுக்கும் உண்டு. படிப்பு முடியிற வரைக்கும் சோறு எங்கையால."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மில்காரர் ஆள், "நாலே முக்கால்" என்றான். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"சரின்னு சொல்லித் தொலைங்க. அந்த மில்காரன் குடுக்குற பணத்த வச்சுப் பள்ளிக்கூடத்துல இவளுக்கு ஒரு எடம் வாங்க முடியுமா ஒங்களால?"

கல் உடைக்கிறவர் அச்சாரத்தை மறுபடி மடியில் கட்டிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் கை காய்ப்புக் காய்த்து, அம்மி மாதிரி சொரசொரவென்று இருந்தது. எல்லோரும் பார்க்க என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்பத் தெரியுதாடா?" என்றார். அப்படித்தான் வீடு எங்களுடையதானது. வைகாசியில் குடிவந்தோம். கறவை மாடு மட்டும் கூட வந்தது. ஆத்தா அந்தத் தெருவுக்கே பால் ஊற்ற ஆரம்பித்தார்.

பள்ளியில் சேர்க்கிற நாள் வந்தது. புதுச் சட்டை போட்டு, எண்ணெய் வழிய வழியத் தலை சீவி, முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் அக்காவும் அந்தப் பெண்ணும். தலைமை ஆசிரியர் வெளியே வந்தார். மனிதர் நொந்து போயிருந்தார். மூன்று தெருவிலும் ஒவ்வொரு வீட்டிலும் அண்ணன் மகன், நாத்தனார் மகன், ஒன்றுவிட்ட தம்பி மகன் என்று புதுப் பிள்ளைகள் முளைத்திருந்தார்கள். அந்த ஆட்டுக்கொட்டிலில் மட்டும் ஏழு பிள்ளைகள் குடியிருப்பதாகச் சொன்னார்கள்.

"இந்த வருஷம் வீட்டுக்கு ரெண்டு பேருதான். அதுக்கு மேல யாரும் கேட்கக் கூடாது" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். எனக்காக வாங்கின வீடு அல்லவா? எனக்குப் பிறகு இருக்கிற ஒரு இடம் யாருக்கு என்றுதான் யோசித்தேன். அந்தப் பெண் தன் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அக்கா படிக்கட்டில் ஒரு படி கீழே இறங்கினாள்.

ஆத்தா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அக்காவை ஒரு கையாலும் அந்தப் பெண்ணை ஒரு கையாலும் முன்னால் தள்ளினார்.

"இவங்க ரெண்டு பேரும் சார்."

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, பையன்?"

"அவனுக்குப் போக எடம் இருக்குங்க. இதுகளுக்கு இதுதான் இருக்கு."

நான் அழுத அழுகை மூன்று தெருவுக்கும் கேட்டிருக்கும். மறுநாளே தகரப்பெட்டியோடு என்னைப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மாமா வீட்டிலிருந்து எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு, சைக்கிள் கடையிலேயே நின்றுகொண்டேன். அந்த இரண்டு பேரும் அதே படியேறிப் பதினொன்றாவது முடித்து, வாத்தியார் பயிற்சிக்கும் போனார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு பஸ் கிளம்பும்போது ஆத்தா ஜன்னலுக்கு வெளியே நின்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் தெரியாமல் கையை அமுக்கிவிட்டேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். அடுத்த தடவை தப்புப் பண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, புதுக்கோட்டை வருகிற வரைக்கும் இடது கையால் வலது கை விரல்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிக்கொண்டே போனேன்.