உண்டியலில் போட்ட கால்

இடது காலில், முழங்காலுக்குக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு வலை படர்ந்திருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அரிப்பு இல்லை, வலியும் இல்லை.

அந்த வலி இல்லாததுதான் கவலை. எனக்குச் சர்க்கரை உண்டு. அப்பாவுக்கும் இப்படி வலியே இல்லாமல்தான் ஆரம்பித்தது, முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். வலித்தாலாவது தைலம் தடவலாம். வலிக்காத காலை என்ன செய்வது?

மனைவியிடம் காட்டினேன். நறுக்கென்று கிள்ளினாள். "ஆ!" என்று கத்தினேன்.

"அப்பாடா, உணர்ச்சி இருக்குதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து காலையில் காபியோடு ஒரு கிள்ளு, ராத்திரி மாத்திரையோடு ஒரு கிள்ளு.

டாக்டரிடம் போக எனக்குப் பயம். அப்பா ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர், நடந்து திரும்பவில்லை. ஆகவே அவள் கோயிலுக்குப் போனாள். கோபுர வாசல் கடைகளில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால் விற்பார்கள்; உடம்பில் எதற்குக் கேடோ அதை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். ஒரு கால் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தாள்.

"கட்டைவிரல் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று சும்மா கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தன் இரண்டு பாதங்களையும் நீட்டி வைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, வலது காலைப் போட்டுட்டேங்க!"

"தகடுதானே. திருப்பிப் பாத்தா இடது கால்."

"சாமி எதுக்குத் திருப்பிப் பாக்கணும்? அவருக்கு வேற வேலையில்லையா?"

இன்னொன்று போடலாமே என்றேன். ரெண்டு காலையும் போட்டால் கேடு ஜாஸ்தி என்று சாமி நினைத்துக்கொள்வாராம். சாமியைக் குழப்பிய பிறகு டாக்டரை விட்டால் வேறு வழி இல்லை என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் இளம்பெண். காலைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மனு டைப் அடித்துத் தரும் கடை எனக்கு. வேட்டியை மடித்துக் கட்டி, மேஜைக்கு அடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் இடது காலைச் சாய்த்துக்கொண்டால்தான் விரலே ஓடும்.

"அந்தப் பெட்டியோட சூடுதான் தோல்ல இப்படி வலையா படிஞ்சிருக்கு. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. பெட்டியைத் தள்ளி வைங்க, மெதுவா மங்கிடும்" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "அது சரி, அங்கங்க நீலமா கன்னிப்போயிருக்கே, இது எப்படி?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அப்பாவின் காலுக்கும் சேர்த்து அழுதேன்.

அன்றைக்கே பெட்டியை நகர்த்தினேன். ஒயர் வலது பக்கம் மட்டும்தான் எட்டியது. இடது காலில் வலை மெல்ல மங்கியது. சில மாதம் கழித்து மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய்க் கையோடு அவளைக் கூப்பிட்டேன். வலது காலில் அதே வலை.

குனிந்து பார்த்தாள். பயப்படவில்லை, கிள்ளவும் இல்லை.

"இதுக்குத்தான் அப்பவே போட்டாச்சேங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.